இனிக்கப் பேசும் டாக்டரும் எரிந்து விழும் டாக்டரும்

யாரிடமாவது ஒரு டாக்டரைப் பற்றி விசாரித்தால், "தங்கமான மனிதர், அவ்வளவு அன்பாகப் பேசுவார்" என்பார்கள். இல்லையென்றால் "கைராசிக்காரர்" என்பார்கள். அதுவும் இல்லையென்றால் "கெட்டிக்காரர்தான், ஆனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்" என்று இழுப்பார்கள். வீட்டில் நாட்பட்ட நோயாளிகள் இருப்பதால் பல வருடங்களாக மருத்துவமனை வராந்தாக்களில் காத்திருந்து பழகியவன் நான். இந்த மூன்று வகைச் சிபாரிசுகளையும் நம்பிப் போய்ப் பார்த்தாயிற்று. இப்போது நான் கவனிப்பது ஒன்றைத்தான்: நாம் சொல்ல விட்டுப்போனதைத் தானாகவே கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த டாக்டர் முயல்கிறாரா? அதோடு சிரித்த முகமும் இருந்துவிட்டால் சந்தோஷம். இல்லாவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

இந்த எண்ணம் எனக்கு வரக் காரணம் அம்மாவின் இருமல். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. வெகுகாலம் அம்லோடிபின் மாத்திரை சாப்பிட்டு வந்தார். மாலையானால் கணுக்கால் வீங்கும். அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு அது. அதனால் மாற்றி எனலாப்ரில் எழுதிக் கொடுத்தார்கள். கால் வீக்கம் வடிந்தது, எல்லாருக்கும் நிம்மதி. சில வாரங்கள் கழித்து ஒரு வறட்டு இருமல் தொடங்கியது. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. தொண்டையில் ஏதோ ஊர்கிறது என்பார், இருமுவார், கண்ணில் நீர் வரும் வரை இருமுவார். இரவில் படுத்தால் இன்னும் அதிகம்.

நாங்கள் வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த டாக்டர் முதல் வகை, தங்கமான மனிதர். அம்மாவிடம் பேரப்பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், "உங்களுக்கு ஒன்றும் இல்லை அம்மா, கவலையே படாதீர்கள்" என்பார். அம்மாவுக்குப் பாதி நோய் அங்கேயே குணமாகிவிடும். முதலில் இருமல் மருந்து கொடுத்தார். பிறகு ஒவ்வாமைக்கு மாத்திரை, அதற்குப் பிறகு நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை, கடைசியில் எக்ஸ்ரே. நுரையீரல் சுத்தமாக இருந்தது. "பார்த்தீர்களா, நான் சொன்னேனே" என்று சிரித்தார். இருமல் மட்டும் நின்றபாடில்லை.

வேறொருவரிடம் போனோம். அவர் எரிந்து விழுபவர் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், அதில் பொய் இல்லை. அம்மா இருமலின் வரலாற்றை ஆரம்பிக்க, "அது இருக்கட்டும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வையுங்கள்" என்றார். அம்மா பையைக் கவிழ்த்தார். டாக்டர் ஒவ்வொரு அட்டையாக விரலால் நகர்த்திக்கொண்டே வந்து ஓர் அட்டையில் நிறுத்தினார். "இது எப்போதிலிருந்து?" அம்மா சொன்னார். "இருமல் எப்போதிலிருந்து?" அதையும் சொன்னார். டாக்டர் எங்களை நிமிர்ந்து பார்த்தார், நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேனாவை எடுத்து எனலாப்ரிலை அடித்துவிட்டு டெல்மிசார்டன் எழுதினார். "நாளைக்கே நின்றுவிடாது. சில வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூடப் போகும். அடுத்த ஆளை வரச் சொல்லுங்கள்." அவ்வளவுதான். வெளியே வந்ததும் அம்மா, "கடுவன் பூனை மாதிரி முகத்தை வைத்திருக்கிறாரே" என்றார். ஆனால் இருமல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி ஒரு நாள் காணாமலே போய்விட்டது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. எனலாப்ரில், ராமிப்ரில் போன்று 'ப்ரில்' என்று முடியும் மாத்திரைகள் ரத்த அழுத்தத்தைக் கூட்டும் ஒரு நொதியைத் தடுக்கின்றன. அதே நொதிதான் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் வேலையையும் செய்கிறது. நொதியைத் தடுத்தால் பிராடிகைனின் தேங்கி, மூச்சுப்பாதையை அரித்து இருமலைக் கிளப்பும். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது வருகிறது, பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். அபூர்வமாக இதே மாத்திரைகள் உதடு, நாக்கு, முகத்தை வீங்க வைக்கும். அப்படி நேர்ந்தால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். 'சார்டன்' வகை அந்த நொதியைத் தொடுவதில்லை. இதெல்லாம் எந்த மருத்துவக் கல்லூரி மாணவருக்கும் தெரிந்த பாடம். அன்பான டாக்டருக்கும் நிச்சயம் தெரிந்திருக்கும். ஆனால் மாத்திரைகளைக் கேட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை, எங்களுக்கும் அவரை விட்டுப் போகத் தோன்றவில்லை. இனிய பேச்சில் இந்த ஆபத்து ஒளிந்திருக்கிறது. குணமாகாத நோயோடு நாம் திருப்தியாக வீடு திரும்பிக்கொண்டே இருப்போம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு தாள் இருக்கிறது. மாத்திரையின் பெயர், அளவு, எந்த வேளை, எதற்காக, யார் எழுதியது என்று பலரும் எழுதி வைப்பார்கள். நாங்கள் கூடுதலாக ஒரு கட்டம் போட்டோம்: எந்த மாதம் தொடங்கியது. புதிதாக ஒரு தொந்தரவு வந்தால் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் பார்க்கிறோம். வலி மாத்திரை, சத்து மாத்திரை, மூலிகைப் பொடி, கண் சொட்டு மருந்து எல்லாம் அந்தத் தாளில் இடம்பெற வேண்டும். கண்ணில் விடும் சொட்டை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் கண் அழுத்த நோய்க்கு விடும் டைமோலால் சொட்டு ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத்திணறலைக் கொண்டுவந்துவிடும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் அட்டையோடு டாக்டரிடம் போங்கள், நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். இருமல் நின்ற மகிழ்ச்சியில் ரத்த அழுத்தம் ஏறினால் அது வேறு கதையாகிவிடும்.

டாக்டர்கள் காதுகொடுத்துக் கேட்பதில்லை என்ற புகார் வெறும் மனக்குறை அல்ல. அமெரிக்காவில் ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் இருவரும் டாக்டரின் அறையில் நடக்கும் உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார்கள். நோயாளி வாயைத் திறந்து சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே பேசிவிடுகிறார் என்றது அந்த ஆய்வு. "விட்டால் இவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்களே" என்பது டாக்டர்களின் பதில். அதையும் ஒருவர் சோதித்துப் பார்த்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர வெளிநோயாளிப் பிரிவு ஒன்றில் நோயாளிகளைத் தடுக்காமல் பேச விட்டார்கள். 2002இல் வந்த முடிவின்படி சராசரியாக 92 விநாடியில் அவர்களே பேச்சை முடித்துக்கொண்டார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மேல் இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை.

டாக்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 67 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம் என்று இருந்தது. வாசலில் கூட்டம் நெருக்கும்போது அறைக்குள் இருப்பவர் புத்தராக இருந்தாலும் அவசரப்படுவார். எனவே அந்த முதல் நிமிடத்தை நாம்தான் தயார்செய்துகொண்டு போக வேண்டும். என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது, இதுவரை என்ன செய்தோம், மனதுக்குள் எதை நினைத்துப் பயப்படுகிறோம். கடைசியில் சொன்னதைத்தான் நம்மவர்கள் விழுங்கிவிடுவார்கள். எழுந்து கதவருகே போன பிறகு, "டாக்டர், இன்னொன்று, மலத்தில் கொஞ்சம் ரத்தம் போகிறது" என்பார்கள். உள்ளே வந்ததே அதற்காகத்தான், ஆனால் பேசியதெல்லாம் முழங்கால் வலி. அதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிட்டால் டாக்டரின் நேரமும் மிச்சம், நம்முடைய உயிரும் மிச்சம்.

ரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். படியேறி மூச்சிரைக்க வந்தவரை உட்கார வைத்த கையோடு, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அழுத்திப் பார்த்து, ஓர் எண்ணைச் சொல்லி மாத்திரையைக் கூட்டியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, முதுகைச் சாய்த்து, கால்களைக் குறுக்கே போடாமல் தரையில் ஊன்றி, கையை நெஞ்சளவு உயரத்தில் தாங்கி வைத்து, பேசாமல் இருக்கும்போது எடுக்க வேண்டிய அளவு அது. அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காபியும் புகையும் கூடாது. வெள்ளை அங்கியைக் கண்டாலே அழுத்தம் ஏறுகிறவர்களும் உண்டு. "வீட்டில் காலையும் மாலையும் எடுத்து ஒரு வாரம் குறித்துக்கொண்டு வாருங்கள், பிறகு முடிவுசெய்வோம்" என்று சொல்லும் டாக்டரை நான் விட மாட்டேன்.

அடுத்ததை எழுதும்போது இன்னும் கோபம் வருகிறது. என்னோடு வேலை பார்த்த தோழி ஒருவருக்கு மாதவிடாய் நாட்களில் எழுந்து நிற்க முடியாத வலி. அவர் போன இடத்திலெல்லாம் கிடைத்த பதில், "எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான்." ஒருவர், "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்றார். இன்னொருவர் ஸ்கேன் அறிக்கையை நீட்டி, "எல்லாம் நார்மல், வலி உங்கள் மனதில்தான் இருக்கிறது" என்றார். அது எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிய வருடக்கணக்கானது. கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் பத்து சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் எதுவும் தெரியாமல் போகலாம். ஸ்கேன் சுத்தமாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

அவர் கடைசியாகப் பார்த்த பெண் மருத்துவர், அறிக்கையைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்த வலியால் நீங்கள் எதையெல்லாம் செய்ய முடியாமல் போகிறது?" என்று கேட்டாராம். வேலைக்கு விடுப்பு, படி ஏற முடியாதது, மலம் கழிக்கும்போது வரும் வலி, தாம்பத்தியத்தில் வலி. கடைசி இரண்டையும் அதுவரை யாரும் கேட்கவில்லை, தோழிக்கும் தானாகச் சொல்லக் கூச்சம். அந்த இரண்டு பதில்களில் விஷயம் பிடிபட்டுவிட்டது. தோழி எனக்குச் சொன்ன பாடம் நல்ல பாடம்: "ரொம்ப வலிக்கிறது" என்பது யார் காதிலும் ஏறாது. வலி எதைத் தடுத்தது என்று சொல்லுங்கள். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, எத்தனை மாத்திரைக்கு அடங்குகிறது, எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்று குறித்துக் காட்டுங்கள். "ஒன்றும் இல்லை" என்று பதில் வந்தால், "வேறு என்னவாக இருக்கலாம்? எதையெல்லாம் இல்லை என்று உறுதி செய்துவிட்டோம்?" என்று மரியாதையாகவே கேளுங்கள். இந்தக் கேள்வி நல்ல டாக்டரை யோசிக்க வைக்கும். எரிச்சல்படுபவரிடம் அடுத்த முறை போக வேண்டுமா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளலாம்.

கெட்ட செய்தி சொல்வதில் மட்டும் என் அளவுகோலைக் கொஞ்சம் தளர்த்துவேன். அங்கே பேசும் விதமே சிகிச்சையின் பகுதி. அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து திசுப் பரிசோதனை செய்தோம். முடிவைச் சொன்னவர் வராந்தாவில் நடந்துகொண்டே சொன்னார். "பாசிட்டிவ் வந்திருக்கிறது, ஆபரேஷன் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்." பாசிட்டிவ் என்றால் நல்ல செய்தி என்று நினைத்து அக்கா ஒரு கணம் சிரித்துவிட்டார். அத்தானின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு சிகிச்சை பார்த்த மருத்துவர் முதலில் கதவைச் சாத்தினார். கைபேசியை அணைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். நாற்காலியை இழுத்து அக்காவுக்கு நேராக உட்கார்ந்து, "இதுவரை உங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேட்டார். அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "எவ்வளவு விவரம் இன்று தெரிய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? எல்லாவற்றையும் ஒரே நாளில் பேச வேண்டியதில்லை" என்றார். அக்கா அழுதபோது அவர் எதுவும் பேசவில்லை, கோப்பையும் புரட்டவில்லை. இது அவருடைய நல்ல குணம் என்றுதான் அப்போது நினைத்தேன். குணம் உண்டு, பயிற்சியும் உண்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கெட்ட செய்தியைச் சொல்ல ஆறு படிகள் கொண்ட ஒரு முறையை வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் உள்ளிட்ட மருத்துவர்கள் 2000இல் வெளியிட்டிருக்கிறார்கள். தனிமையான இடம் பார்ப்பது, நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிய விரும்புகிறார் என்று கேட்பது, எளிய சொற்களில் சொல்வது, உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று சேர்ந்து திட்டமிடுவது. சொல்லிக் கொடுத்தால் வரக்கூடிய வித்தை. ஆகவே "அவர் சுபாவம் அப்படி" என்று வராந்தா டாக்டருக்கு நான் சலுகை தர மாட்டேன்.

அந்த மாதிரி நாளில் தனியாகப் போகாதீர்கள். புற்றுநோய் என்ற சொல் விழுந்த பிறகு வருவது எதுவும் காதில் ஏறாது. சாதாரண நாளிலேயே டாக்டர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துபோகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கூட வருபவரின் வேலை ஆறுதல் சொல்வது இல்லை, எழுதுவது. அத்தான் ஒரு குறிப்பேட்டோடு உட்கார்ந்துவிடுவார். "பேச்சைப் பதிவுசெய்துகொள்ளலாமா" என்று அனுமதி கேட்டும் வாங்கினோம். எழுந்து வருமுன், "நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள்" என்று அக்கா ஒப்பிப்பார். ஒருமுறை, வாந்திக்கான மாத்திரையை மருந்து ஏற்றுவதற்கு முன் போட வேண்டும் என்பதை நாங்கள் பின் என்று எழுதி வைத்திருந்தது அப்படித்தான் வெளிப்பட்டது.

கேட்டதைத் தராத டாக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு ஊசியோ ஆண்டிபயாடிக்கோ இல்லாமல் வெளியே வந்தால் வந்த காரியம் நடந்ததாகவே தோன்றாது. சளியும் தொண்டைக்கட்டும் பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆண்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. கேட்டதும் எழுதிக் கொடுத்துவிடுவது டாக்டருக்குச் சுலபம், நல்ல பெயரும் கிடைக்கும். என் தொண்டையைப் பார்த்துவிட்டு ஒரு டாக்டர், "மருந்து வேண்டாம். காய்ச்சல் மூன்று நாளில் இறங்க வேண்டும். இருமல் மூன்று வாரம்கூட இருக்கும், பயப்படாதீர்கள். ஆனால் மூச்சு வாங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ, காய்ச்சல் விட்டு மறுபடி வந்தாலோ உடனே வாருங்கள்" என்றார். வெறுங்கையோடு அனுப்பிவிட்டாரே என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். எனக்கோ, எப்போது கவலைப்பட வேண்டும் என்று இவ்வளவு தெளிவாக யாரும் அதுவரை சொன்னதில்லை. இப்போது டாக்டர் சொல்லாவிட்டாலும் நானே கேட்டுவிடுகிறேன்: "எத்தனை நாளில் சரியாக வேண்டும்? எது நடந்தால் திரும்பி வர வேண்டும்?"

இன்னொருவரின் கருத்தைக் கேட்கலாம் என்றால் பலருக்குத் துரோகம் செய்வதுபோல் உறுத்தும். அப்பாவின் முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைக்கு முன் அப்படிக் கேட்டபோது ஒருவர் முகம் கறுத்து, "நம்பிக்கை இல்லையென்றால் இங்கே ஏன் வந்தீர்கள்?" என்றார். பிறகு சென்ற மருத்துவரோ, "தாராளமாகக் கேளுங்கள், இது அவசர அறுவை இல்லை, சில வாரம் பொறுக்கலாம். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பது கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது" என்று சொல்லி, தன் கைப்படவே குறிப்பு எழுதி ஸ்கேன் படங்களையும் சேர்த்துக் கொடுத்தார். இரண்டாவது கருத்துச் சொன்னவர் உடற்பயிற்சிச் சிகிச்சையைத் தொடர்ந்து பார்க்கலாம் என்றார். அப்பா இன்றுவரை கத்திக்குப் போகவில்லை. அவர் அறுவையே செய்துகொண்டிருந்தாலும் நான் அந்த மருத்துவரைத்தான் தேடிப் போயிருப்பேன்.

டாக்டரை மாற்றுவது என்று முடிவானால் சண்டை போட்டுவிட்டு வராதீர்கள். பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் அறிக்கையோடு அதன் படங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கை மட்டும் போதாது, புதியவர் படத்தைத் தன் கண்ணால் பார்க்க விரும்புவார். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கோப்பு, தேதி வரிசையில், புதியது மேலே. அதற்கும் மேலே, முதல் பக்கமாக, அந்த மாத்திரைத் தாள்.